கேபினட்டோடு சும்மா வந்த பவர் சப்ளை

எடிட்டிங் மிஷினுக்குப் பாகங்கள் தேர்ந்தெடுக்கும்போது எதிலிருந்து தொடங்க வேண்டும் என்று உங்கள் குழுவில் ஒரு தம்பி கேட்டிருந்தார். ப்ராசஸரா, மெமரியா, கிராபிக்ஸ் கார்டா என்று ஆளுக்கொன்று சொல்லிச் சண்டை போட்டுவிட்டு, கடைசியில் ரிட்டையரான கிழவரைக் கேட்போம் என்று என் பக்கம் தள்ளிவிட்டிருக்கிறீர்கள். சந்தோஷம். ஆனால் நான் சொல்லப்போவது உங்களுக்குப் பிடிக்காது. நான் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த ப்ராசஸர்கள் எல்லாம் எப்போதோ பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டன. அவற்றைப் பற்றி எழுத எனக்கும் ஒன்றுமில்லை, படித்து உங்களுக்கும் ஆகப்போவது ஒன்றுமில்லை. ஒரே ஒரு மிஷின் மட்டும் இன்னும் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. அதைச் சொல்கிறேன். கேட்டுவிட்டு எதிலிருந்து தொடங்குவது என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

இரண்டாயிரத்தை ஒட்டிய வருஷங்கள். பெங்களூரின் கல்யாண வீடியோ ஸ்டுடியோக்கள் எல்லாம் இரண்டு வி.சி.ஆரை வைத்து வெட்டி ஒட்டுவதை விட்டுவிட்டு கம்ப்யூட்டருக்கு மாறிக்கொண்டிருந்தன. எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் ஒரு மாடிக் கடையில் நான் மிஷின் அசெம்பிள் செய்துகொண்டிருந்தேன். ஸ்டுடியோக்காரர் யார் வந்தாலும் என்னிடம்தான் அனுப்புவார்கள். அவருக்கு என்ன வேலை, எவ்வளவு படம் உள்ளே ஏற்ற வேண்டும் என்று கேட்டு, எந்தெந்தப் பாகம் போடலாம் என்று சொல்வது என் பொறுப்பு. எங்கள் ஓனர் கன்னடக்காரர், நன்றாகத் தமிழ் பேசுவார். யாரையும் ஏமாற்ற மாட்டார். யாரிடமும் முடியாது என்றும் சொல்ல மாட்டார். இந்த இரண்டாவது குணம் முதல் குணத்தைத் தின்று ஏப்பம் விட்டுவிடும் என்று எனக்குப் புரியக் கொஞ்ச காலம் ஆனது.

ஒரு நாள் தனபால் என்பவர் வந்தார். ஸ்ரீராம்புரத்தில் ஸ்டுடியோ வைத்திருந்தார். அந்தப் பக்கம் நடக்கும் கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு எல்லாம் அவர் கேமராவுக்குத் தப்பாது. சிரித்த முகம். பேசும்போது நம் தோளில் கை போட்டுக்கொள்வார். எனக்கு அப்படித் தோளில் கை போடுகிறவர்களைக் கண்டால் அப்போதே ஆகாது, இப்போதும் ஆகாது.

எனக்கு ஒரு வழக்கம் இருந்தது. காசு கொடுப்பவரிடம் பேசியது போதாது என்று, அந்த மிஷினின் முன்னால் உட்காரப்போகிறவரையும் ஒரு தடவை போய்ப் பார்த்துவிடுவேன். தனபாலின் ஸ்டுடியோவில் எடிட்டிங் செய்தவள் அமுதா. இருபது சொச்சம் வயது. ஒக்கலிபுரத்திலிருந்து நடந்தே வேலைக்கு வருவாள். ரயில்வே ஸ்டேஷனில் மூட்டை தூக்கிய அப்பா இடுப்பு போய்ப் படுத்துவிட்டதால், வீட்டில் சம்பாதிப்பது அவள் ஒருத்திதான். புது மிஷின் வரப்போகிறது என்றதும் அவளுக்கு இருந்த சந்தோஷம் தனபாலுக்குக்கூட இல்லை.

"கம்ப்யூட்டர் எடிட்டிங் கத்துக்குனா எங்க வேணாலும் வேல கெடைக்கும் சார். இந்த வி.சி.ஆர். வேலைக்கு இன்னும் ரெண்டு வருசம் போனா எவன் கூப்புடுவான்?" என்றாள்.

வேலை எப்படி நடக்கிறது என்று கேட்டேன். ரொம்பச் சாதாரணமாக இரண்டு விஷயம் சொன்னாள். சாயங்காலம் பக்கத்து மாவு மில் ஓட ஆரம்பித்தால் ஸ்டுடியோவில் ட்யூப் லைட் மங்கிவிடும். இரண்டாவது, கேமராவில் எடுத்த கேசட்டை அவர்கள் பத்திரப்படுத்துவதில்லை. ஒரு கல்யாணம் முடிந்து படத்தை இந்தப் பக்கம் ஏற்றியவுடன், அதே கேசட்டைத் திரும்பச் சுற்றி அடுத்த கல்யாணத்துக்குக் கொடுத்துவிடுவார்கள். கையில் இருக்கும் கொஞ்சம் கேசட்டை வைத்து ஒரு சீசனையே ஓட்டிவிடுவார்கள். எல்லாச் சின்ன ஸ்டுடியோவிலும் அப்படித்தான். ஆக, கம்ப்யூட்டர் வந்தால் அதற்குள் இருக்கும் டிஸ்க்தான் அந்தக் கல்யாணம். அது போனால் தாலி கட்டியது போச்சு.

இதைக் கேட்டுவிட்டு நான் மிஷினுக்குப் பாகங்கள் சொன்னேன். நடுத்தரமான ப்ராசஸர். படத்துக்கென்று தனியாக மூன்று டிஸ்க். சாதா கேபினட். அதில், எல்லாப் பாகத்துக்கும் கரண்ட் பிரித்துக் கொடுக்க, தனியாக வாங்கிய கனமான ஒரு பவர் சப்ளை. உங்களில் ரொம்பச் சின்னவர்களுக்காகச் சொல்கிறேன்: அந்தக் காலத்தில் கேபினட் வாங்கினாலே அதற்குள் பவர் சப்ளை ஒன்றை மாட்டியேதான் விற்பார்கள். தனிக் காசு கிடையாது. தகரப் பெட்டி, மேலே பெரிய நம்பர் போட்ட ஸ்டிக்கர். கையில் தூக்கிப் பார்த்தால் காலி டப்பா மாதிரி இருக்கும். வீட்டில் கணக்கு எழுதுகிற மிஷினுக்கு அது போதும். டிஸ்க் எல்லாம் ஒரே நேரத்தில் சுற்றும் எடிட்டிங் மிஷினுக்கு, அதுவும் மாவு மில் பக்கத்தில், அது ஆகாது.

தனபால் என் சீட்டைப் பார்த்தார். அவர் கண் கடையின் மறுபக்கம் இருந்தது. அங்கே பக்கவாட்டில் கண்ணாடி வைத்து, உள்ளே நீல விளக்கு எரியும் கேபினட் ஒன்று அப்போதுதான் வந்திருந்தது.

"அது போடு பிரதர். ப்ராசஸரும் இருக்கறதுலயே பெருசு போட்டுடு."

"போடலாம் சார். ஆனா அதுல வர்ற பவர் சப்ளைய கழட்டிட்டு வேற வாங்கிப் போடணும்."

"இன்னா பிரதர் நீ. சும்மா வர்றத கழட்டிப் போட்டுட்டு, அதையே காசு குடுத்து வாங்கச் சொல்றியே. அது இன்னா, ஓடலியா?"

"ஓடும் சார். இத்தன டிஸ்க்க வச்சு இழுத்தா தாங்காது."

"கல்யாணப் பார்ட்டி என் கடைக்கு வந்து ஒக்காந்தா இன்னா பாப்பான்? லைட்டப் பாப்பான். பெரிய மானிட்டரப் பாப்பான். எந்த ப்ராசஸர்னு ஒட்டியிருக்கறதப் பாப்பான். உன் தகர டப்பாவ எவன் பாக்கப்போறான், சொல்லு."

ஒய்யாரக் கொண்டையாம் தாழம்பூவாம், உள்ளே இருக்குமாம் ஈரும் பேனும் என்று எங்கள் அம்மா சொல்வாள். அதை அவரிடம் சொல்லியும்விட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. சிரித்துக்கொண்டே எங்கள் ஓனரைப் பார்த்தார். ஓனர் என்னைப் பார்த்தார்.

"கஸ்டமர் கேக்குறத குடுத்துடு மாராயா. ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி."

கொஞ்சம் அனுசரித்துப் போ என்று அர்த்தம். இந்த ஊரில் அந்த வார்த்தையைச் சொல்லாமல் பஸ்ஸில் உட்கார முடியாது, வீடு வாடகைக்குப் பிடிக்க முடியாது. மனிதர்களுக்குள் அது நல்ல வார்த்தைதான். ஆனால் கரண்டுக்குக் கன்னடமும் தெரியாது, தமிழும் தெரியாது. அது அட்ஜஸ்ட் பண்ணிக்கொள்ளாது. இதையும் நான் சொன்னேன். ஓனர் ஒரு டீ வாங்கிக் கொடுத்து என்னைச் சமாதானப்படுத்தினார். நீல விளக்குக் கேபினட்டே முடிவானது.

அப்போதும் எனக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. எந்த மிஷினையும் முழுச் சுமையோடு இரண்டு நாள் விடாமல் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் வெளியே அனுப்புவது எங்கள் கடை வழக்கம். ஓட்டினால் அந்தப் பவர் சப்ளை எங்கள் மேஜையிலேயே மூச்சு வாங்கும், அதைக் காட்டி தனபாலை வழிக்குக் கொண்டுவந்துவிடலாம் என்று நினைத்தேன். அவர் அதற்கும் ஆப்பு வைத்தார்.

"மொத சுவிட்ச்சு என் கடையில, நல்ல நேரத்துல, என் வீட்டம்மா கையால போடணும். அதுக்கு முன்னால எவனும் ஆன் பண்ணக் கூடாது. பூஜ போடாத மிஷின நாலு பேரு நோண்டினா வெளங்குமா?"

நானும் ஆயுத பூஜைக்கு ஸ்க்ரூ டிரைவருக்குக் குங்குமம் வைக்கிறவன்தான். சாமி விஷயத்தில் யாரையும் கிண்டல் செய்ய மாட்டேன். ஆனால் கல்யாணத்துக்கு முன்னால் ஜாதகம் பார்க்கிறீர்களே, அந்த மாதிரி இதுவும் ஒரு பொருத்தம் பார்ப்பதுதான் என்று எவ்வளவோ சொன்னேன். ஓனர் மறுபடியும் அதே மூன்று வார்த்தையைச் சொன்னார். ஆக, ஒரு நொடிகூட உயிர் வராத மிஷினைக் கட்டி எடுத்துக்கொண்டு போனோம்.

பூஜை நன்றாகவே நடந்தது. கண்ணாடியில் சந்தனம், குங்குமம். கேபினட் மேல் எலுமிச்சம்பழம். வாசலில் பூசணிக்காய் உடைத்தார்கள். தனபாலின் மனைவி சுவிட்ச் போட்டார், நீல விளக்கு எரிந்தது, தெருப் பிள்ளைகள் கைதட்டினார்கள். அமுதா புதுப் புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். சாஃப்ட்வேர் எல்லாம் நான் அங்கேயே உட்கார்ந்து ஏற்றினேன். அது முடிந்த கையோடு, முதல் வேலையும் அன்றே தொடங்க வேண்டும் என்று ஒரு கல்யாணத்தைக் கொண்டுவந்து உள்ளே ஏற்றச் சொன்னார்கள். சோதித்துப் பார்க்க நேரமே விடவில்லை.

வைகாசி முகூர்த்தங்கள் தொடங்கியதும் அமுதா கடைக்குப் போன் செய்தாள்.

"சார், சாயங்காலமானா மிஷினு தானா ஆஃப் ஆயி ஆன் ஆவுது. உள்ளேருந்து டிக்கு டிக்குன்னு சத்தம் வருது. ஓனர் அண்ணன் கிட்ட சொன்னா, நீ எதையோ தப்பா அழுத்துறேங்குறாரு."

போனேன். மாவு மில் ஓடும் நேரமாகப் பார்த்து, கேபினட்டைத் திறந்து மீட்டர் வைத்துப் பார்த்தேன். டிஸ்க் எல்லாம் சுற்றும்போது வர வேண்டிய அளவு கரண்ட் வரவில்லை. டிஸ்க் பாதியில் நின்று நின்று மறுபடி சுற்றத் தொடங்கியது. அந்த டிக் சத்தம் அதுதான். இப்படியே விட்டால் டிஸ்க் செத்துவிடும் என்று தனபாலிடம் சொன்னேன். பவர் சப்ளையை இன்றே மாற்ற வேண்டும், மிஷினைக் கொடுங்கள், நாளை திருப்பித் தருகிறேன் என்றேன்.

"சீசன் நேரத்துல மிஷின கழட்டினா நான் இன்னா பண்றது? ஆடி பொறக்கட்டும் பிரதர். ஆடி மாசம் எவன் கல்யாணம் பண்றான்? அப்போ எடுத்துக்குனு போயி இன்னா வேணா பண்ணு."

"சரி சார், அதுவரைக்கும் கேசட்டுங்கள மட்டும் திரும்ப யூஸ் பண்ணாதீங்க. எடுத்தத அப்படியே எடுத்து வைங்க. மிஷினு போனாலும் கல்யாணம் இருக்கும்."

"பாக்கலாம், பாக்கலாம்" என்று தோளில் கை போட்டார்.

வாசல் வரை வந்த அமுதாவிடமும் அதையே சொன்னேன். "நான் எப்படி சார் குடுக்க மாட்டேன்னு சொல்றது? கேமராக்காரரு வந்து நிப்பாரு, ஓனர் குடுன்னுவாரு" என்றாள். நியாயம்தான். பூட்டு ஒருவர் கையில், சாவி இன்னொருவர் கையில், திட்டு மட்டும் அவளுக்கு.

ஆடி பிறப்பதற்குள் படம் ஏற்றியிருந்த டிஸ்க்குகளில் ஒன்று போய்விட்டது. அதில் எடிட் செய்யக் காத்திருந்த கல்யாணங்கள் மூன்று. மூன்றுக்கும் கேசட் இல்லை, எல்லாவற்றிலும் அதற்கப்புறம் நடந்த வேறு யாருடைய கல்யாணமோ பதிவாகியிருந்தது. டிஸ்க்கை எடுத்துவந்து எனக்குத் தெரிந்த வித்தை எல்லாம் செய்து பார்த்தேன். உள்ளே ஊசி உரசும் சத்தம்தான் வந்தது.

டிஸ்க்கைத் திருப்பிக் கொடுக்கக் கிளம்பும்போது ஓனர் என்னைக் கூப்பிட்டார். தனபால் போன் செய்திருக்கிறார் என்றார். பெண் வீட்டுக்காரர்கள் ஸ்டுடியோவில் வந்து உட்கார்ந்திருக்கிறார்களாம்.

"அங்க போயி பவர் சப்ளை, கிவர் சப்ளைன்னு பேசாத. ஆபரேட்டர் மிஸ்டேக்குன்னு சொல்லிட்டு வந்துடு. அவருக்கும் பேஜாரு இல்ல, நமக்கும் பேஜாரு இல்ல."

"ஆபரேட்டருக்கு?" என்றேன்.

"சும்னே இரு மாராயா" என்றார்.

பஸ்ஸில் போகும்போது ஒரே யோசனை. வேலை போனால் எனக்கு எஸ்.பி. ரோட்டில் இன்னொரு கடை கிடைக்கும். அவளுக்கு? உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டு இறங்கினேன்.

ஸ்டுடியோவில் கூட்டம். முன்னால் நின்றவர் ஒரு பெண்ணின் அப்பா, கார்ப்பரேஷனில் வேலை பார்ப்பவர். யூனிஃபார்மோடு வந்திருந்தார். அவர் கத்தவில்லை. அதுதான் இன்னும் சங்கடமாக இருந்தது.

"சம்பந்தி வீட்ல தெனம் கேக்குறாங்க சார். வீடியோ செலவு பொண்ணு வீட்டுதுன்னு பேச்சு. கேசட்டு எங்க, கேசட்டு எங்கன்னு எம்பொண்ண குத்திக் காட்டிக்குனே இருக்காங்க. காசுக்கு வக்கில்லாம வீடியோவே எடுக்கலன்னு சொல்றாங்களாம். அத்தன பேரு பாக்க எடுத்தீங்களே, அது எங்க போச்சு?"

தனபால் என்னைக் காட்டினார். "இவர்தான் மிஷின் செஞ்ச இன்ஜினியரு. அவர் வாயால கேளுங்க."

நான் சொன்னேன். மிஷினுக்குள் கரண்ட் பிரித்துக் கொடுக்கும் பாகம் மட்டமானது, அதனால் டிஸ்க் கெட்டுவிட்டது, இதை நான் முன்பே இவரிடம் சொல்லியிருக்கிறேன், எடிட்டிங் செய்யும் பெண் மேல் ஒரு தப்பும் இல்லை.

அந்த அப்பா என் பக்கம் திரும்பினார். "கரண்ட்டா? கரண்ட்டு எல்லார் வீட்லயுந்தான் வருது. எங்க வீட்டு டிவில இருக்கறதெல்லாம் அழிஞ்சா போச்சு?" என்றார். பின்னால் ஒருவர், "சார், அதெல்லாம் வுடுங்க, அழிச்சது யாரு, அதச் சொல்லுங்க" என்றார். அவர்களுக்கு வேண்டியது ஒரு பாகம் இல்லை, ஒரு ஆள்.

அப்போது உள் அறையிலிருந்து அமுதா வந்தாள். கண் வீங்கியிருந்தது.

"நான்தான் தெரியாம டெலிட் பண்ணிட்டேன். மன்னிச்சுக்கங்க" என்றாள்.

கூட்டத்தில் ஒரு பெருமூச்சு வந்தது. கிடைத்துவிட்டது அவர்களுக்கு. என் பக்கம் ஒருவரும் திரும்பவில்லை. தனபால் உடனே பெரிய மனிதராகிவிட்டார். சின்னப் பொண்ணு, அனுபவம் இல்ல, உங்க பொண்ணு மாதிரி நெனச்சுக்கங்க, போட்டோ ஆல்பம் பெருசா போட்டுத் தரேன் என்று கைகூப்பினார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பதை நான் கேள்விப்பட்டிருந்தேன். அன்றுதான் கண்ணால் பார்த்தேன். எனக்கு வந்த ஆத்திரத்தில் தனபால் மேல் வந்தது எவ்வளவு, அமுதா மேல் வந்தது எவ்வளவு என்று இன்றுவரை பிரிக்கத் தெரியவில்லை.

கடைக்குத் திரும்பினேன். ஓனர் என்னை வேலையை விட்டுத் துரத்தவில்லை. "அந்தப் பொண்ணே ஒத்துக்கிச்சாமே, நீ ஏன் மாராயா நடுவுல?" என்று சிரித்தார், அவ்வளவுதான். எனக்கு ஒன்றும் பறிபோகாத உண்மையைச் சொன்னேன், அதனால் யாருக்கும் ஒன்றும் கிடைக்கவும் இல்லை.

புது டிஸ்க் போட மிஷின் எங்கள் கடைக்கு வந்தது. பவர் சப்ளையை மாற்றச் சொல்லி தனபாலிடம் மறுபடியும் கேட்டேன். "மிஷின்ல ஒண்ணும் இல்லன்னு அந்தப் பொண்ணே சொல்லிடுச்சே பிரதர்" என்றார். இதற்குமேல் அந்த ஆளிடம் பேசுவானேன் என்று, என் கைக்காசைப் போட்டு நல்ல பவர் சப்ளை ஒன்றை வாங்கினேன். சும்மா வந்ததைக் கழற்றிக் குப்பையில் போட்டேன், நல்லதை மாட்டினேன், மூடினேன். யாரிடமும் சொல்லவில்லை. அந்தப் பெண் இன்னொரு தடவை மாட்டக் கூடாது என்பது ஒன்றுதான் நினைப்பு. நல்ல காரியம் செய்த திருப்தியோடு அன்று வீட்டுக்குப் போனேன்.

தம்பிகளே, தங்கைகளே, இங்கேதான் நீங்கள் காதைக் கொடுத்துக் கேட்க வேண்டும்.

மிஷின் அதற்கப்புறம் ஒரு நாளும் நிற்கவில்லை. மாவு மில் அது பாட்டுக்கு ஓடியது, மிஷினும் அது பாட்டுக்கு ஓடியது. ஆனால் அந்தப் பக்கத்துக் கல்யாண வீடுகளில் பேச்சு பரவிவிட்டது. 'டெலிட் பண்ற பொண்ணு' என்று அமுதாவுக்குப் பெயர் வைத்தார்கள். எங்கள் வீட்டுக் கல்யாணத்தை அந்தப் பொண்ணு கையில் கொடுக்காதே என்று வெளிப்படையாகவே சொன்னார்கள். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி. அந்த வருஷத் தை மாதத்துக்குள் தனபால் அவளை நிறுத்திவிட்டார். எனக்கு அது தெரியாது. அவள் வேறு எங்கோ பெரிய இடத்துக்குப் போயிருப்பாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சில வருஷம் கழித்து தனபால் இரண்டாவது மிஷின் வாங்க வந்தார். ஸ்டுடியோவை வந்து பார்க்கச் சொன்னார். போனேன். அமுதாவின் நாற்காலியில் வேறொரு பெண் இருந்தாள்.

"அதே கேபினட்டு மாதிரி போடு பிரதர். அதுல சும்மா வர்ற பவர் சப்ளையே போதும். நீ அன்னிக்கு எவ்ளோ பயங்காட்டின? பாரு, இத்தன வருசமா தங்கம் மாதிரி ஓடுது. தப்பு மிஷின்து இல்ல, அந்தப் பொண்ணுதுன்னு இப்போவாவது ஒத்துக்க."

அந்தப் புதுப் பெண் திரும்பி, ரொம்ப மரியாதையாக, "அந்த அக்கா மாதிரி நான் டெலிட் பண்ண மாட்டேன் சார், நான் கேர்ஃபுல்லா இருப்பேன்" என்றாள்.

ஸ்க்ரூ டிரைவரை எடுத்து அங்கேயே கேபினட்டைத் திறந்தேன். உள்ளே இருப்பது நான் வாங்கி மாட்டியது, அவர் சொல்கிற தங்கம் இதுதான், சும்மா வந்தது எப்போதோ குப்பைக்குப் போய்விட்டது என்று காட்டினேன். தனபால் குனிந்து பார்த்தார்.

"அப்போ புது மிஷின்லயும் இதே போட்டுடு" என்றார்.

"அமுதா?"

"அதுவா? இப்போ கார்மென்ட்ஸ்ல இருக்குது. நல்லாத்தான் இருக்குது. அது எப்பவோ நடந்தது, வுடு பிரதர்."

ஆக, அந்த ஆள் கடைசியில் நல்ல பவர் சப்ளை வாங்கினார். பாகங்கள் தேர்ந்தெடுப்பதில் நான் ஜெயித்துவிட்டேன். எங்கள் ஓனர்கூடப் பாராட்டினார்.

உங்களுக்கு நான் சொல்வது இதுதான். எந்தப் பாகத்தை வேண்டுமானாலும் போடுங்கள். ஆனால் ஒரு பாகம் கெட்டு, அதன் பழி ஒரு ஆள் மேல் விழுந்திருந்தால், அந்தப் பாகத்தைச் சத்தமில்லாமல் மாற்றிவிடாதீர்கள். நாலு பேரைக் கூப்பிட்டு வைத்து, கழற்றியதைக் கையில் தூக்கிக் காட்டி, அதற்கப்புறம் மாற்றுங்கள். நீங்கள் ரகசியமாக ரிப்பேர் செய்தால் மிஷின் பிழைத்துக்கொள்ளும். அந்த ஆளுக்கு இருந்த ஒரே சாட்சி செத்துப்போகும். இதில் என் தப்பு எவ்வளவு என்று நீங்கள் விவாதம் நடத்த வேண்டாம், அது எனக்கும் அவளுக்கும் இடையில் இருக்கட்டும்.

அதற்கப்புறம் மைசூர் ரோடு பக்கம் அமுதா வேலை செய்த தொழிற்சாலையை விசாரித்துக்கொண்டு போனேன். சாப்பாட்டு நேரத்தில் கேட்டுக்கு வெளியே வந்தாள். தலையில் பஞ்சுத் தூள். என்னை அடையாளம் கண்டு சிரித்தாள். அப்பா தவறிவிட்டார் என்றாள். சுவரோரம் நின்று பேசினோம்.

"அன்னிக்கு ஏம்மா அப்படிச் சொன்ன?" என்று கேட்டேன்.

"ஓனர் அண்ணன் உள்ள கூப்ட்டு சொன்னாரு சார். மிஷின் மேல தப்புன்னா ஜனங்க இந்தக் கடைக்கே வர மாட்டாங்க, மூட வேண்டியதுதான். ஆள் மேலன்னா நான் சமாளிச்சுக்குவேன், உன் வேலைக்கு நான் கேரண்டின்னாரு. நீங்க உண்மைய சொல்லிட்டு எஸ்.பி. ரோட்டுக்குப் போயிட்டீங்க. எனக்கு மறுநாளும் அங்கதான சார் வேல?"

பவர் சப்ளையை நான் மாற்றியதைச் சொன்னேன். எப்போது மாற்றினேன், ஏன் யாரிடமும் சொல்லவில்லை, எல்லாம் சொன்னேன். அவள் டிபன் டப்பாவின் மூடியை இறுக்கி இறுக்கி மூடினாள்.

"நீங்க மாத்தினதாலதான் அப்புறம் ஓடுச்சா?"

"ஆமாம்மா."

"அன்னிக்குப் பொய்னு தெரிஞ்சுதான் சார் சொன்னேன். ஆனா புது டிஸ்க்கு போட்டு வந்ததுலேருந்து அந்த மிஷினு ஒரு தடவகூட நிக்கல. சத்தமும் வரல. அதே மிஷினு, அதே மாவு மில்லு, அதே நான். அப்போ நெஜமாவே நான்தான் எதையோ அழுத்தி அழிச்சிருக்கேன்னு நெனச்சுக்குனேன். வேலைய வுட்டு நின்னப்புறம் ரெண்டு ஸ்டுடியோவுல கூப்ட்டாங்க சார். நான்தான் போவல. இன்னொருத்தர் கல்யாணத்தையும் அழிச்சுட்டா என்ன பண்றதுன்னு."